ஆறே மாசத்துல ஒரு பல்கலைக்கழகம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து அரசு கலைக்கல்லூரிகளோட கதை வாடகைக்கு வீடு மாத்துற கதைதான் மக்களே. முதல்ல சென்னைப் பல்கலைக்கழகம். 2002-ல வேலூர்ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அங்க தள்ளிட்டாங்க. ஒரு சின்ன வேலைன்னாலும் பஸ் புடிச்சு வேலூர் போகணும்.

இந்த அலைச்சலுக்கு முடிவுன்னு 2021 பிப்ரவரியில அதிமுக அரசு அதைப் பிரிச்சு, விழுப்புரத்துல ஜெயலலிதா பேர்ல தனிப் பல்கலைக்கழகம் கொண்டு வந்தது. அப்போ சட்ட அமைச்சரா இருந்த சி.வி.சண்முகம் திண்டிவனத்துக்காரர். துணைவேந்தரும் வந்தாச்சு. சொந்தக் கட்டடம்தான் வரலை. பழைய தாலுகா ஆபீஸ்ல ஓடுச்சு.

மே மாசம் ஆட்சி மாறிச்சு. ஆகஸ்ட் 31 அன்னிக்கு உயர்கல்வி அமைச்சர் பொன்முடி (இவரும் விழுப்புரம் அரசியல்தான்!) அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட இணைக்கிற மசோதாவைக் கொண்டு வந்தார். காரணம் கேட்டா நிதி இல்லை, வசதி இல்லை. பேருதான் உறுத்துச்சுன்னது எதிர்க்கட்சி. வெளிநடப்பு, சாலை மறியல், ஓ.பன்னீர்செல்வம் கைது. ரெண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்குன்னு தோணுது. பணம் ஒதுக்காம திறந்ததும் தப்பு, ஒதுக்கிப் பார்க்காம மூடினதும் தப்பு.

சரி, மேட்டருக்கு வருவோம். பசங்களுக்கு இதுல என்ன? பல பேரு இணைவையும் தர மதிப்பீட்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க. இணைவுங்கறது எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருதுங்கறது. 'நாக்' கிரேடு வேற. அதைக் கல்லூரி தனியா, பல்கலைக்கழகம் தனியா வாங்கணும். பெரிய வீட்டு கிரேடு சின்ன வீட்டுக்கு ஒட்டிக்காது. அண்ணாமலை 2014-ல 'ஏ' வாங்குச்சு, 2022-ல 'ஏ பிளஸ்'. அதனால திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரிக்கு ஒரு மார்க்கும் கூடாது. ஆனா புதுப் பல்கலைக்கழகம் தனியா நின்னிருந்தா, ரெண்டு பேட்ச் வெளிய வரணும் இல்ல ஆறு வருஷம் ஆகணும், அப்பத்தான் 'நாக்'குக்கு மனுவே போடலாம்னு அப்போ விதி. அதுவரைக்கும் கிரேடு இல்லாத பேருதான் சர்டிபிகேட்ல இருக்கும்.

இன்னொரு வேடிக்கை, 1929-லேர்ந்து வெளிக்கல்லூரி எதையும் சேர்க்காத அண்ணாமலைக்கு இப்போ விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் எல்லாம் உண்டு.

எஞ்சினியரிங் பக்கமும் இதே கூத்து. அண்ணா பல்கலைக்கழகத்தை 2007-லயும் 2010-லயும் பிரிச்சு, 2012-ல திரும்ப ஒண்ணாக்கினாங்க. விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு ஊர்லயும் அதோட உறுப்புக் கல்லூரி உண்டு. நடுவுல சேர்ந்தவங்க யாராவது படிக்கறீங்களா? உங்க சர்டிபிகேட்ல என்ன பேரு போட்டிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க :-)