பிறைக்குழாயும் கரும்பூச்சும்

மீலாத் மேடைகளில் இப்னு அல்ஹைதமின் பெயர் தவறாமல் ஒலிக்கும். "கமராவைக் கண்டுபிடித்தவர்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். கமரா அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. அவர் எழுதியதைப் படித்தால் அந்த மிகைப்புகழ் தேவைப்படாது.

965 அளவில் பஸராவில் பிறந்து 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர் அவர். தமது "கிதாபுல் மனாழிர்" நூலின் முதற்பாகத்திலேயே ஓர் எளிய விடயத்தை ஆராய்கிறார்: இரவில் தெரியும் நட்சத்திரம் பகலில் ஏன் தெரிவதில்லை? நட்சத்திரம் எங்கும் போய்விடவில்லை. இடையிலுள்ள காற்று சூரிய ஒளியால் நிறைந்துவிடுகிறது. வலிய ஒளி படும் கண்ணுக்கு மெலிந்த ஒளி மறைந்துபோகிறது. தொலைக்காட்டி செய்பவரின் தலையிடி இன்றும் இதுதான்.

அவரது சமகாலத்தவரான அல்பிரூனி, கஸ்னியின் சுல்தான் மஸ்ஊதுக்குக் காணிக்கையாக்கிய "அல்கானூனுல் மஸ்ஊதி"யில் பிறை பார்க்கும் குழாய் ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். அதற்குப் "பர்பக்" என்று பெயர். அதில் வில்லை கிடையாது, வெறுங் குழாய். பிறை தோன்றக்கூடிய இடத்தைக் கணித்து அதை நோக்கி நிறுத்தினால், பக்கங்களிலிருந்து வரும் ஒளி கண்ணில் படாது. பிறைக்குப் பின்னாலுள்ள வானத்தின் ஒளியை எந்தக் குழாயாலும் குறைக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். ஆழ்கிணற்றுக்குள் இருந்தால் பகலிலும் நட்சத்திரம் தெரியும் என்பது பழங்கதையே.

1608இல் ஒல்லாந்தில் வில்லைகள் குழாய்க்குள் வந்தன. பக்க ஒளியைத் தடுத்த அதே குழாய்ச்சுவர் இப்போது ஒளியை உள்ளே தெறிக்கவைக்கும் கண்ணாடியாகவும் ஆயிற்று. இன்று பி.வி.சி. குழாயில் தொலைக்காட்டி செய்யும் மாணவர் எல்லோரும் இதைச் சந்திக்கிறார்கள். சந்திரனைச் சுற்றி வெண்புகை படர்ந்ததுபோல் இருக்கும். குழிகளின் நிழல் கறுப்பாக இராமல் சாம்பலாக இருக்கும். உட்புறம் கறுப்புப் பூசினால் மட்டும் போதாது. மிகச் சாய்வாக விழும் ஒளியைக் கறுப்புப் பரப்புங்கூடத் தெறிக்கும். மாலை எதிர்வெயிலில் இரத்தினபுரி வீதியின் தார் மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். கரும்பலகைக்குப் பூசும் மையில் அரித்த மரத்தூளைக் கலந்து பூசலாம். கறுப்பு வெல்வெட் துணியையும் ஒட்டலாம். அதைவிடச் சிறந்தது குழாய்க்குள் இடைவெளி விட்டு வைக்கும் தடுப்பு வளையங்கள். பொருள்வில்லையிலிருந்து குவிந்துவரும் ஒளிக்கூம்பு மட்டும் புகும் அளவுக்கு ஒவ்வொன்றிலும் துளை இருக்கவேண்டும். வில்லையின் விளிம்பையும் கறுப்பாக்குவது நல்லது. சோதிப்பதும் சுலபம். பகலில், சூரியன் இல்லாத திசைக்குத் திருப்பி, பார்வைத்துண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலிருந்து உள்ளே பார்க்கவேண்டும். வில்லையைத் தவிர வேறு எது மினுங்கினாலும் அதுவே குற்றவாளி.

இந்தக் கைவேலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பிரான்சின் பெர்னார் லியோ. சூரியனின் ஒளிவளையம் சூரியத் தட்டைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு மங்கலானது. முழுக் கிரகணத்தில்தான் அதைக் காணலாம் என்றிருந்தது. 1930இல் பிக் டு மிடி மலையுச்சியில் கிரகணமின்றியே அதைக் கண்டார். சூரிய விம்பத்தை ஒரு தட்டால் மறைத்தார். வில்லையின் விளிம்பிலிருந்து வழியும் ஒளியை வேறொரு வளையத்தால் வெட்டினார். வில்லையில் தூசியோ கீறலோ இராமல் பார்த்துக்கொண்டார். 1952இல் சூடான் கிரகணப் பயணத்திலிருந்து திரும்புகையில் எகிப்தில் அவர் உயிர் பிரிந்தது. இப்னு அல்ஹைதம் அடங்கிய நாடும் அதுவே.

2013 ஜூலை 8இல் தியரி லெகோ, பாரிசுக்கு அருகே, சந்திரன் சூரியனிலிருந்து 4.4 பாகை மட்டுமே விலகியிருந்த அமாவாசைக் கணத்தில் பட்டப்பகலில் பிறையைப் படம்பிடித்தார். அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படம் அது. தொலைக்காட்டிக்கு முன்னால் துளையிட்ட திரையொன்றை நிறுத்தி, சூரிய ஒளி குழாய்க்குள் புகாமல் தடுத்தார். ஹிஜ்ரி 1434 ரமழானின் தலைப்பிறைக்கு முந்திய அமாவாசை அது.

தொலைக்காட்டியில் கண்டது சாட்சியாகுமா என்பது உலமாக்களின் விடயம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நமது பிறைச் சர்ச்சைகளில் "யார் கண்டார், நம்பத்தக்கவரா" என்று கேட்கும் நாம், கண்டவரின் கண்ணில் வேறு என்ன ஒளி பட்டுக்கொண்டிருந்தது என்று கேட்பதில்லை. பள்ளிவாசல் முற்றத்து மின்குமிழ்களை அணைத்துவிட்டுப் பிறை தேடும் ஊர்கள் எத்தனை?

சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் மேற்கு வானம் பெரும்பாலும் மலைமுகடுதான். மெல்லிய பிறை தெரியவேண்டிய நேரத்தில் அது முகட்டுக்குப் பின்னால் போயிருக்கும். உயரமான தேயிலை மலையொன்றில் ஏறினால்தான் வழியுண்டு. எங்கள் மாணவர்கள் தேர்ந்த மலைக்கு எதிரே தொழிற்சாலையின் வாசல் விளக்கு நேராக எரிகிறது. இருபத்தொன்பதாம் நாள் மாலைகளில் மஃரிபுக்குப் பிறகு அரைமணி நேரம் அதை அணைத்து வைக்கக் காவற்காரர் சம்மதித்திருக்கிறார்.