முதற்கல் தப்பினால் ஊரே தப்பும்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



வரப்புத் தகராறு இல்லாத ஊர் உண்டா? ஒரு முழ நிலத்துக்காக அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்றுபோன வீடுகள் எத்தனையோ. முன்பெல்லாம் சர்வேயர் சங்கிலியோடு வருவார். இப்போது சில இடங்களில் ஒரு கோலை நட்டு, அதன் தலையில் காளான் மாதிரி ஒரு கருவியை வைத்து, செயற்கைக் கோளைக் கொண்டு அளக்கிறார். "சங்கிலியைக் காணோமே, இந்த அளவை எப்படி நம்புறது?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் இருநூறு வருஷத்துக் கதையில் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

1802-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல். நூறு அடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை நீட்டி அளந்தார். மே 22-ந் தேதிதான் வேலை முடிந்தது. ஏழரை மைல் அளக்க நாற்பது நாளுக்கு மேலா என்று கேட்பீர்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? ஒரு டிகிரி சூடு ஏறினாலே மொத்தக் கோட்டில் அஞ்சு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள்.

ஏன் அவ்வளவு கவனம்? அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் மற்றதையெல்லாம் கணக்கிட வேண்டும். கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்தில் தெரிகிற ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் அளந்தால், நடந்து போகாமலே குன்றின் தூரம் கிடைத்துவிடும். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக தேசம் முழுவதும் பின்னிக்கொண்டு போனார்கள். குன்று இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் கோபுரங்கள்தான் குன்று. 1808-இல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அதைத் தாமே உட்கார்ந்து பழுது பார்த்தார்.

தூரம் சரியாக வந்துவிட்டது. ஆனால் முதல் புள்ளி உலக உருண்டையில் எந்த இடத்தில் இருக்கிறது? அதைச் சொன்னது சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைத்த வானாராய்ச்சிக் கூடம். தீர்க்கரேகைக்கு வியாழன் கிரகத்தின் நிலாக்கள் மறைவதைப் பார்த்து நேரம் கணக்கிட்டார்கள். அதன்படி சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 17 கலை 21 விகலை என்று வைத்துக்கொண்டு படங்கள் போட்டார்கள்.

பிறகு தந்திக் கம்பி வந்தது. 1870-களில் கடலடித் தந்தி வழியாக இங்கிலாந்து நேரத்தையும் சென்னை நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சென்னை இரண்டரைக் கலை அளவுக்கு மேற்கே இருப்பது தெரிந்தது. தரையில் அது நாலு கிலோமீட்டருக்கும் மேல்! இதில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட தூரம் சரி. வயலின் பரப்பும் சரி. ஒன்றும் கெடவில்லை. ஆனால் தேசப்படம் முழுவதும் ஒரே பக்கமாக நகர்ந்து கிடந்தது. உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த வரை யாருக்கும் தெரியவில்லை. வெளியே வேறோர் அளவோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

செயற்கைக் கோள் அளவுக்கும் இதே பாடம்தான். ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. முதல் கோள் 1978-இல் ஏறியது; 1995-இல் முழு ஏற்பாடும் தயாரானது. உங்கள் கையிலுள்ள தொலைபேசி அதைக் கேட்டு இடம் சொல்லும். ஆனால் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். வரப்புக்கு அது உதவாது. அதனால் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு தூணில் ஒரு கருவியை நிரந்தரமாக வைக்கிறார்கள். இதுதான் தளநிலையம். "நான் இருப்பது இங்கே, கோள்களோ என்னை ரெண்டு மீட்டர் தள்ளிக் காட்டுகின்றன" என்று அது கண்டுபிடித்து, திருத்தத்தை வயலில் நிற்கும் கருவிக்கு அனுப்பும். அளவு சில சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். இந்திய சர்வே துறை நாடெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான நிலையங்களை அமைத்திருக்கிறது.

அந்தத் தூணின் இடத்தையே ரெண்டு மீட்டர் தப்பாக எழுதிவிட்டால்? சுற்றுவட்டாரத்து வயல் அத்தனையும் ரெண்டு மீட்டர் நகர்ந்துவிடும். பரப்பு சரியாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. நாளைக்கு வேறொரு தளநிலையத்தை வைத்து அடுத்த சர்வேயர் அளக்கும்போது, உங்கள் கல் பக்கத்து வயலில் நிற்கும்! தகராறு அங்கே பிறக்கும்.

ஆகவே தூணின் இடத்தைக் கண்டுபிடிப்பதில் அவசரம் கூடாது. முதலில் அசையாத அஸ்திவாரம் வேண்டும். மரமோ உயர்ந்த கட்டடமோ மறைக்காத வானம் வேண்டும். ஒரு நாளோ அதற்கு மேலோ கருவியை ஓடவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் ஹைதராபாத்திலும் இருப்பதுபோல உலகமே ஏற்றுக்கொண்ட நிலையங்களின் பதிவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கோள்கள் அந்த நேரத்தில் சரியாக எங்கே இருந்தன என்ற முடிவான கணக்கு வர ரெண்டு வாரம் ஆகும். பரங்கிமலையில் லாம்டன் காட்டிய பொறுமைதான் இங்கேயும்.

இன்னும் ரெண்டு விஷயம். நம் பாரத பூமியே வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 20 வருஷத்தில் ஒரு மீட்டர்! ஊரும் வயலும் சேர்ந்தே நகர்வதால் வரப்புக்குப் பயமில்லை. ஆனால் தூணின் இடத்தோடு தேதியையும் எழுதி வைத்தால்தான் கணக்கு நிற்கும். அடுத்தது உயரம். செயற்கைக் கோள் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு உருண்டையிலிருந்து அளக்கிறது. திருத்தாமல் பார்த்தால் சென்னைக் கடற்கரையே பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 90 மீட்டரில் இருப்பதாகக் காட்டும். வாய்க்கால் மட்டம் பார்க்கிறவர்கள் அதைக் கடல்மட்டக் கணக்குக்கு மாற்றியபிறகே பயன்படுத்த வேண்டும்.

ஆகவே உங்கள் வயலை இந்தக் கருவியால் அளந்தால், எந்தத் தளநிலையத்தை வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள். எந்தத் தேதிக் கணக்கு என்றும் கேளுங்கள். இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அளக்கத் தொடங்கும் முன், தகராறில்லாத பழைய சர்வே கல் ஒன்றில் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உழும்போது இடைஞ்சல் என்று எந்தக் கல்லையும் பிடுங்கிப் போடாதீர்கள். வானத்திலிருந்து வரும் அளவைச் சரிபார்க்க, தரையில் நமக்கு இருக்கும் சாட்சி அந்தக் கல்தான்.