கண்புரையும் கஹ்ஹால்களும்

ஓரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் அகன்ற சாலையில், மோட்டார்த் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களுக்கு அப்பால், இலவசக் கண்புரைச் சிகிச்சை முகாம் பற்றிய அறிவிப்பொன்றைக் கண்டேன். வீடு திரும்பியதும் மூத்த மாமியிடம் அதைக் கூறினேன். “வேண்டாம் தம்பி, உன் பாட்டிக்கு நேர்ந்ததை மறந்துவிட்டாயா?” என்றார்கள்.

மறக்கவில்லை. நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு முகாமில் பாட்டிக்கு வலக்கண்ணில் புரை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வலி கண்டது. கத்தி பட்ட இடம் வலிக்கத்தானே செய்யும் என்று நாங்களே ஆறுதல் கூறிக்கொண்டு இருந்துவிட்டோம். ஐந்தாம் நாள் மருத்துவரிடம் கொண்டு சென்றபோது கண்ணுக்குள் சீழ் கட்டியிருந்தது. அந்தக் கண் பிறகு திறந்திருந்தும் பயனில்லை.

மாமியின் அச்சம் நியாயமானது. ஆயிரம் ஆண்டுகளாகக் கண் மருத்துவர்களை உறங்கவிடாத அச்சமும் அதுவே.

கண்மணியின் பின்னுள்ள வில்லை மங்கிப் போவதைத்தான் புரை என்கிறோம். முற்காலத்தார் அதை மேலிருந்து இறங்கி உறைந்த நீர் என எண்ணினர். ஆதலால் அரபியில் அதற்கு ‘நுஸூலுல் மாஃ’, நீர் இறங்குதல், என்று பெயர். இலத்தீனில் பெயர்த்தவர்கள் அருவியைக் குறிக்கும் சொல்லை அதற்கு இட்டனர். இன்று ஆங்கில மருத்துவர் ‘கேட்டராக்ட்’ என எழுதும்போது அந்தப் பழைய அரபுக் கருத்தின் நிழலே அதில் விழுகிறது.

அந்நாளைய சிகிச்சை, ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது. நம் நாட்டிலும் பண்டுதொட்டு இருந்த முறைதான். தள்ளிய புரை மீண்டும் மேலெழாதிருக்க, நோயாளி பல நாள் மல்லாந்து கிடக்க வேண்டும். மோசூலில் பிறந்து, எகிப்தில் கலீஃபா அல்ஹாகிமின் ஆட்சியில் (ஹிஜ்ரி 386–411) வாழ்ந்த அம்மார் இப்னு அலீ என்ற கஹ்ஹால், இதற்கு மாற்றாகத் துளையுள்ள ஊசியொன்றைச் செய்தார். தபரிய்யாவில் ஒருவர் அவரிடம் வந்து, என்னால் மல்லாந்து படுக்க இயலாது, மற்றபடி விரும்பியதைச் செய்யும் என்றாராம். அம்மார் அந்த ஊசியை முதன்முதலாக அவர் கண்ணிலேயே செலுத்திப் புரையை உறிஞ்சி எடுத்தார். பார்வை உடனே தெரிந்தது. அவர் விருப்பம்போல் உறங்கினார். ஆயினும் ஏழு நாள் கண்ணைக் கட்டியே வைத்திருந்ததாக அம்மார் தம் ‘அல்முன்தகப்’ நூலில் எழுதுகிறார். அறுவையோடு வேலை முடிந்தது என அவர் எண்ணவில்லை.

நம் மேடைகளில் துளையூசியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அந்த ஏழு நாளைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை.

தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசராயிருந்த இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்களின் வண்ணப் படங்களுடன் பதிவு செய்து வைத்தார். அவை சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. அவர் காலத்திலேயே, 1819-ல், சென்னையில் கண் மருத்துவமனை தோன்றியது. இன்று எழும்பூரில் இருப்பது அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தலைமை வகித்த இராபர்ட் ஹென்றி எலியட் மாறுபட்ட ஓர் ஆய்வைச் செய்தார். ஊர் ஊராகச் சென்று புரை தள்ளியவர்கள், ஊசியை எடுத்ததும் நோயாளியின் முன் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்வார்கள். எண்ணிவிட்டால் கூலியைப் பெற்றுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வாரங்கள் கழித்துக் கண் வீங்கி, உள்ளே அழுத்தம் ஏறி, ஒளி மங்கும்போது அவர்கள் ஊரில் இல்லை. அக்கண்கள் கடைசியில் எலியட்டிடம் வந்தன. அவர் அவற்றை எண்ணி, வகைப்படுத்தி, 1917-ல் இலண்டனில் சொற்பொழிவாக வெளியிட்டார். நலமானவர்கள் மருத்துவமனைக்கு வரமாட்டார்களே என்று வாதிடலாம். அவ்வாதத்தில் பொருளுண்டு. ஆயினும் சேதத்தின் அளவு அதனால் மறைந்துவிடாது.

இப்போது மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்துகிறார்கள். முறை மாறியும் கிருமி மாறவில்லை. பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமையோரத்திலிருந்தே அது உள்ளே நுழைகிறது. சில வேளை கருவியிலிருந்தோ மருந்திலிருந்தோ வந்தால் ஒரே நாளில் பலரைத் தாக்கும். 2008-ல் பெரம்பலூரில் அறுவை செய்துகொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட ஏழைகள் பார்வை இழந்தது நாடறிந்த துயரம்.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இவ்வகையில் உலகம் கவனித்த ஆய்வொன்றைச் செய்தது. அறுவை முடியும் தறுவாயில் மாக்சிஃபுளோக்சசின் என்ற கிருமிக்கொல்லியைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் பயனுண்டா என்று, 2014 முதல் 2016 வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தனர். மருந்து செலுத்தாதவர்களில் பதினாயிரத்துக்கு ஏழு பேருக்குச் சீழ் பிடித்திருந்தது. செலுத்தியவர்களில் இரண்டு பேருக்கு. இவ்வளவு அரிதான தீங்கைச் சில நூறு நோயாளிகளைப் பார்த்து அறிய முடியாது. இலட்சக்கணக்கானோரின் அறுவைக்குப் பிந்திய நாட்களையும் எழுதிவைத்த ஓரிடத்தில்தான் அது இயலும்.

இவற்றையெல்லாம் மாமியிடம் கூறினேன். பதினாயிரத்தில் இரண்டு என்றதும், “அந்த இரண்டு பேரில் ஒருத்தி நானாக இருந்தால்?” என்றார்கள். வலியும் சிவப்பும் பார்வைக் குறைவும் தோன்றிய அன்றே போனால் கண்ணைக் காக்க வழியுண்டு, பாட்டி விஷயத்தில் நாம் இரண்டு நாளை வீணாக்கினோம் என்றேன். சற்றுநேரம் பேசாமலிருந்தார்கள். முகாமுக்குச் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவில் வலித்தால் யாருக்கு டெலிபோன் செய்ய வேண்டும் என்பதை மட்டும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.