சாத்தியமும் அசாத்தியமும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், சாமைக்கும் தேனுக்கும் பேர்பெற்ற ஜவ்வாது மலையின் கீழ்த்திசை அடிவாரத்தை ஒட்டியிருக்கும் கண்ணமங்கலத்தில், மலத்தோடு இரத்தம் போகிறது என்று ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் முறையிட்டிருந்தால், அவருடைய நாடியைப் பிடித்த வைத்தியர் முதலில் நிர்ணயிக்க முயன்றிருப்பது, வியாதியின் பெயரைக் காட்டிலும், அது சாத்தியமா அசாத்தியமா என்பதையே ஆகும். தீராத நோயில் கைவைத்துப் பழியைத் தேடிக்கொள்ளலாகாது என்ற எச்சரிக்கையும், குடும்பத்தின் பொருளை வீணே கரைக்கலாகாது என்ற தருமமும் அந்த நிர்ணயத்தில் ஒருங்கே கலந்திருந்தன. குடற்புற்று விஷயத்தில் அக்காலத்து ஐரோப்பிய வைத்தியமும் இதைவிட அதிகமாக ஒன்றும் சாதித்துவிடவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வூருக்கு 20 மைலுக்கும் குறைந்த தொலைவிலுள்ள வேலூரில், 1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் தம் தந்தையாரின் பங்களாவில் ஓர் அறையில் மருந்து கொடுக்கத் தொடங்கி, 1902-இல் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியும், 1918-இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளியும் கண்ட சரித்திரம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் நம் விஷயத்துக்கு நெருங்கிய சம்பவம் நடந்தது சென்னையில். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் இளைய சகோதரிக்கு, 1920-களின் தொடக்கத்தில், மலத்தில் இரத்தமும் சீதமும் கண்டன. சீதபேதி என்றே சிகிச்சை நடந்தது. மலக்குடலில் புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. டாக்டரின் சொந்தத் தங்கைக்கே இந்தக் கதி நேர்ந்ததென்றால், அடிவாரத்துக் குடியானவர்களுக்கு நேர்ந்ததை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தத் துக்கத்தை முத்துலட்சுமி அம்மையார் ஒரு ஸ்தாபனமாக ஆக்கிக் காட்டினார். புற்றுநோய்க்காரர் எப்படியும் சாகத்தானே போகிறார், அவருக்கென்று தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற மனப்பான்மை அந்நாளில் உயர்பதவி வகித்தோரிடமும் குடிகொண்டிருந்தது. அசாத்தியம் என்று நாட்டு வைத்தியர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னதை, சர்க்கார் ஒரு வியாதி முழுவதையும் பற்றிச் சொன்னது என்பதே என் எண்ணம். அதையும் மீறி, 1952 அக்டோபரில் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தாங்கி நின்றார்கள்.

நோயாளி பிழைப்பாரா என்ற பழைய கேள்விக்கு நவீன சாஸ்திரம் அளித்த முதல் உருப்படியான விடை, லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து 1932-இல் வந்தது. அறுத்தெடுத்த மலக்குடல்களைச் சோதித்த கத்பர்ட் டியூக்ஸ், சுவருக்குள் அடங்கிய புற்றை ஏ என்றும், சுவரைக் கடந்ததை பி என்றும், நிணநீர்க் கணுக்களை எட்டியதை சி என்றும் வகுத்தார். இன்றைக்கும் ஆய்வுக்கூடத்தில் காரியம் ஏறக்குறைய அதே விதமாகத்தான் நடக்கிறது: ஃபார்மலினில் ஊறிய சதைத்துண்டை மெழுகில் பதித்து, கண்ணாடி போன்ற மெல்லிய சீவல்களாக அரிந்து, ஊதாவும் ரோஜா நிறமுமாகச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். ஆயினும் ஒரே எழுத்தைப் பெற்ற இருவரில் ஒருவர் இருபது ஆண்டுகள் வாழ்வதும், மற்றவருக்கு இரண்டாண்டுக்குள் ஈரலில் புற்று முளைப்பதும் ஏன் என்பதற்கு அந்தச் சாயம் பதில் சொல்லவில்லை.

பதிலின் ஒரு பகுதி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1993-இல் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்குனும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றில், சுமார் 22 எழுத்துக்களே கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கு, புரதம் தயாரிக்கச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி அந்தக் கட்டளையை அடக்கிவிடுவதைக் கண்டார்கள். 2024-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 143, 145 என்ற எண்கள் கொண்ட இரண்டு குடற்புற்றில் குறைந்திருப்பதை 2003-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். 2008-இல், அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சேகரித்த பெருங்குடல் கட்டிகளை ஆராய்ந்தபோது, மிர்-21 என்பது மிகுந்திருந்தவர்களின் ஆயுள் குறைவாக இருந்தது. புற்றை அடக்கிவைக்கும் புரதங்கள் சிலவற்றை அது முடக்கிவிடுகிறது. மிர்-200 என்ற குடும்பத்தின் போக்கு இன்னும் விசித்திரமானது: கட்டியின் விளிம்பில் அது குறைந்ததும், உயிரணுக்கள் கட்டுத்தறியை அறுத்துக்கொண்ட மாடுகளாகப் பிரிந்து செல்கின்றன, ஈரலை அடைந்து நிலைகொண்டதும் அதே மிர்-200 மறுபடி உயர்கிறது. சிறியதாதலால் பழைய மெழுகுக் கட்டிகளிலும் இவை சிதையாமல் தங்கியிருப்பது ஆராய்ச்சிக்கு வாய்த்த பெரும் பாக்கியம்.

இவ்வளவும் அறிந்தபின்னும், இன்றைய தேதியில் நோயாளிக்கு என்ன சிகிச்சை என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது டியூக்ஸின் வழிவந்த படிநிலைக் கணக்கே. மிர்-21-ஐ அளப்பது வழக்கமான சோதனையாக இன்னும் ஆகவில்லை. முதற்படியில் வந்தவரைக் காப்பது எளிது, கடைப்படியில் வந்தவரைக் காப்பது அரிது என்ற உண்மையும் மாறவில்லை. நம் ஊர்ப் பஸ் நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ என்று எழுதியிருக்கும் விளம்பரங்களை நம்பி மாதக்கணக்கில் லேகியம் உண்பவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு: மலத்தில் இரத்தம் கண்டாலும், மலங்கழிக்கும் வழக்கம் காரணமின்றி மாறி வாரங்கள் கடந்தாலும், டாக்டரிடம் விரற்பரிசோதனையும், அவர் சொன்னால் குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வேலூர் வரைகூடப் போக வேண்டியதில்லை; வழியிலேயே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.