நலன்புரி உதவியும் கணினியின் தீர்ப்பும்: தோட்ட மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

வறியோருக்கு அரசு வழங்கும் உதவித்தொகை தகுதியற்றவர்களின் கைகளுக்குச் சென்றுவிடக்கூடாது என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 1995ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட சமுர்த்தித் திட்டத்தின் மீது காலம் முழுவதும் சுமத்தப்பட்டு வந்த பிரதான குற்றச்சாட்டும் இதுவே. அரசியல்வாதிக்கு வேண்டியவர் பட்டியலில் இருப்பார், வேண்டாதவர் வெளியே நிற்பார். இக்குறையைப் போக்குவதாகக் கூறியே 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023ஆம் ஆண்டில் ‘அஸ்வெசும’ திட்டம் நடைமுறைக்கு வந்தது. மனிதரின் விருப்பு வெறுப்புக்குப் பதிலாகப் புள்ளிகளின் அடிப்படையில் கணினி தெரிவு செய்யும் என்பதே அதன் அடிப்படையாகும்.

கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டு வசதி, குடும்ப அமைப்பு ஆகிய 6 பிரிவுகளின் கீழ் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. குடும்பத்தின் மின்பாவனையும் அவற்றுள் அடங்கும். கணக்கெடுப்பாளர் வீட்டிற்கு வந்து பதிவு செய்த விடைகள் புள்ளிகளாக மாற்றப்பட்டு, நான்கு வகுதிகளாகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. ஆரம்பத்தில் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை மாதாந்தக் கொடுப்பனவு நிர்ணயிக்கப்பட்டது. மிகவும் வறிய பிரிவினரின் தொகை 2025ஆம் ஆண்டு ஆரம்பத்தில் 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆயினும் 2023 ஜூன் மாதத்தில் முதலாவது பட்டியல் வெளியானபோது நாடெங்கும் மக்கள் பிரதேச செயலகங்களின் முன் திரண்டனர். மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. தாம் ஏன் நீக்கப்பட்டோம் என்ற கேள்விக்கு எந்த உத்தியோகத்தராலும் தெளிவான பதில் கூற முடியவில்லை என்பதே அன்று பரவலாகக் கேட்ட முறைப்பாடாகும்.

ஹாலிஎல, தெமோதரை, உடுவரை போன்ற பகுதிகளின் தோட்ட மக்களைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 2019ஆம் ஆண்டின் அரச புள்ளிவிபரத்தின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3 ஆக இருந்தபோது பெருந்தோட்டத் துறையில் அது 33.8 ஆக இருந்தது. இத்தகைய மக்களின் வாழ்க்கை, நகரத்திலும் கிராமத்திலும் உள்ள வீட்டை மனதிற்கொண்டு தயாரிக்கப்பட்ட கேள்விக்கொத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஒரே லயன் அறையில் பெற்றோரும் மணமுடித்த மகனின் குடும்பமும் வசிப்பர். அது ஒரு குடும்பமா, இரண்டா? ஒரே மின்மானியில் இரு அறைகள் இயங்கினால் அந்தப் பாவனை எவருடைய கணக்கில் சேரும்? காணியோ வீட்டு உறுதியோ முகவரியோ இல்லாதவரின் வறுமையை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கணக்கெடுப்பாளர் அந்த நிமிடத்தில் எதைத் தெரிவு செய்தாரோ அதுவே பின்னர் கணினியின் ‘உண்மை’ ஆகிவிடுகின்றது.

தகுதியுடையோரைத் தெரிவு செய்வது ஒன்று, ஏற்கனவே பெறுபவர்களுள் மோசடிக்காரர்களைத் தேடுவது வேறொன்று. அஸ்வெசும முதலாவது வகையைச் சார்ந்தது. எனினும் ஒரு நாட்டில் எல்லாப் பதிவேடுகளும் கணினிமயமாகி ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது இரண்டாவது கட்டம் வெகுதூரத்தில் இருப்பதில்லை. இந்திய உதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் முன்னெடுக்கப்பட்டுவரும் இந்நிலையில், இவ்வழியில் முன்னரே சென்ற நாடுகளின் அனுபவம் நமக்குப் பயன்படும்.

நமக்கு மிக அண்மையில் உள்ள உதாரணம் இந்தியாவின் தெலுங்கானா மாநிலமாகும். அங்கு ‘சமக்ர வேதிகா’ எனும் கணினி முறைமை பல திணைக்களங்களின் பதிவேடுகளை ஒப்பிட்டு, வசதி படைத்தோர் எனக் கருதப்பட்டோரின் உணவுப் பங்கீட்டு அட்டைகளை நீக்க உதவியது. சில ஆண்டுகளில் சுமார் 19 இலட்சம் அட்டைகள் இரத்துச் செய்யப்பட்டன. ஹைதராபாத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர் ஒருவரின் குடும்பம், அதேபோன்ற பெயருடைய இன்னொருவரிடம் மோட்டார் கார் இருந்த காரணத்தால் கார் உரிமையாளரெனக் குறிக்கப்பட்டு அரிசியை இழந்தது. 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் நேரில் சென்று மீள்பரிசோதிக்குமாறு பணித்த பின்னர் ஆயிரக்கணக்கான அட்டைகள் தவறாக நீக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது.

பெயர் விவகாரம் நமது வாசகர்களுக்குப் புதியதன்று. முஹம்மத், மொஹமட், முகம்மது என ஒரே பெயரே மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும். அதேவேளை ஒரே பெயருடையோர் ஒரே ஊரில் பலர் இருப்பர். தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பெயர், தேசிய அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் வேறுவிதமாகவும் இருப்பதைத் திருத்துவதற்காகவே நாட்கூலியை இழந்து பதுளைக்கு அலைந்தோர் எத்தனை பேர்! மனிதக் கண்ணுக்கு எழுத்துப்பிழையாகத் தெரிவது இயந்திரத்திற்கு ஆள்மாறாட்டமாகத் தெரியக்கூடும்.

அவுஸ்திரேலியாவில் நடந்தது வேறுவகையானது. ‘ரோபோடெட்’ என மக்கள் அழைத்த திட்டத்தில், வரித் திணைக்களத்திலிருந்த ஆண்டு வருமானத்தை இரு வாரக் காலப்பகுதிகளுக்குச் சமமாகப் பங்கிட்டு, அத்தொகையை உதவி பெற்றவர் தெரிவித்திருந்த வருமானத்துடன் கணினி ஒப்பிட்டது. வேறுபாடு தென்பட்டால் கடன் அறிவித்தல் சென்றது. வருடத்தில் சில மாதங்கள் மாத்திரம் வேலை செய்தோர் இதனால் இல்லாத கடனுக்கு ஆளாயினர். நான்கு இலட்சத்திற்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். 2019இல் கைவிடப்பட்ட இத்திட்டம் குறித்து விசாரித்த அரச ஆணைக்குழு 2023 ஜூலையில் கடும் கண்டனத்துடன் அறிக்கை வெளியிட்டது. கொழுந்து பறிப்போரின் வருமானத்தை இக்கணக்குடன் பொருத்திப் பார்த்தால் ஆபத்து விளங்கும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது உண்மை. ஆனால் வரட்சியில் கொழுந்து குறையும்போது கிடைக்கும் வேலை நாட்கள் எத்தனை என்பதே குடும்பத்தின் அடுப்பைத் தீர்மானிக்கின்றது. சராசரி என்பது பசியுள்ள மாதத்தை மறைத்துவிடும்.

நெதர்லாந்தில் சிறுவர் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடியைக் கண்டறியப் பயன்பட்ட முறைமையானது விண்ணப்பதாரரின் குடியுரிமையையும் சந்தேகத்திற்கான ஒரு குறியாகக் கொண்டிருந்தது. பல்லாயிரம் பெற்றோர், அவர்களுள் பெருந்தொகையான துருக்கிய, மொரோக்க வம்சாவளிக் குடும்பங்கள், தாம் செய்யாத மோசடிக்காகப் பெருந்தொகைகளைத் திருப்பிச் செலுத்த நிர்ப்பந்திக்கப்பட்டனர். 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கமே இதன் காரணமாகப் பதவி விலகியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2013 முதல் 2015 வரை வேலையற்றோர் கொடுப்பனவில் இயங்கிய முறைமை மோசடியெனத் தீர்மானித்தவற்றை மீளாய்வு செய்தபோது 93 சதவீதமானவை தவறென நிரூபணமாயின. இவை வளமும் சட்டத்தரணிகளும் பத்திரிகைகளும் நிறைந்த நாடுகள். அங்கும் உண்மை வெளிவர ஆண்டுகள் கழிந்தன.

இதற்காக மீண்டும் அரசியல்வாதியின் கடிதத்தை நம்பிய பழைய முறைக்குச் செல்ல வேண்டும் என்பது எமது வாதமன்று. கணினி சந்தேகத்தை எழுப்பலாம். தீர்ப்பை வழங்குவது மனிதராக இருத்தல் வேண்டும், அதுவும் லயன் வாசலுக்குச் சென்று பார்த்த மனிதராக. விசாரணை முடியும்வரை கொடுப்பனவு நிறுத்தப்படலாகாது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தைச் சார்ந்ததாக இருக்க வேண்டுமேயன்றி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் பெண்ணைச் சார்ந்ததாக இருக்கக்கூடாது.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமது விண்ணப்பம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதை எழுத்தில் கோரலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமானது, முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஹாலிஎல இருமொழி நிர்வாகப் பிரிவுகளுள் ஒன்றாகும். ஆகவே நிராகரிப்புக் கடிதமும் அதற்கான காரணமும் தமிழில் வழங்கப்படுதல் சலுகையன்று, உரிமையாகும். மேன்முறையீடு செய்வோர் படிவத்தின் பிரதியையும் ஒப்படைத்த திகதி குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெற்று, அடையாள அட்டையிலுள்ள எழுத்துக்கூட்டலையே எல்லாப் படிவங்களிலும் பயன்படுத்துவது நல்லது. தோட்டங்களில் இயங்கும் தொழிற்சங்கத் தலைவர்களும் கோயில், பள்ளிவாசல் பரிபாலன சபையினரும் இப்படிவங்களை நிரப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவார்களாயின், அடுத்த கணக்கெடுப்புக்கு முன்பாகவே பல குடும்பங்களின் பதிவுகளைச் சீர்செய்துவிட முடியும்.