வேலைகள் முன்னேற்ற நிர்வாகம் (டபிள்யூ.பி.ஏ.)

1930களின் பெருமந்தத்தின்போது வேலையிழந்தவர்களுக்குக் கூலி வேலை தருவதற்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு நடத்திய அமைப்பு. அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி 1935 மே 6 அன்று தொடங்கி, 1943இல் கலைக்கப்பட்டது. அந்த எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேர் இதில் வேலை பார்த்தனர். 1938 இறுதியில் மட்டும் ஒரே நேரத்தில் 33 லட்சம் பேருக்கு இதுவே படியளந்தது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வங்கிகளும் ஆலைகளும் அடுத்தடுத்து மூடப்பட, 1933 வாக்கில் தொழிலாளர்களில் நான்கில் ஒருவர் வேலையின்றி நின்றார். அந்த ஆண்டுக் குளிர்காலத்திலேயே ஓர் ஒத்திகை நடந்துவிட்டது. அயோவா மாநிலத்துக்காரரும் சமூகப் பணியாளருமான ஹாரி ஹாப்கின்ஸ், குடிமை வேலைகள் நிர்வாகம் என்ற தற்காலிக அமைப்பின் வழியே இரண்டே மாதங்களில் 40 லட்சம் பேரை வேலையில் அமர்த்திக் காட்டினார். செலவைக் கண்டு மிரண்ட அரசு 1934 வசந்தத்தில் அதை மூடிவிட்டது. மறு ஆண்டு நாடாளுமன்றம் நிவாரணத்துக்கென 488 கோடி டாலர் ஒதுக்கியபோது, அதில் பெரும் பங்கு ஹாப்கின்ஸின் புதிய அமைப்புக்கே போனது.

இந்த ஒதுக்கீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பூசல் உண்டு. உள்துறைச் செயலர் ஹரால்ட் இக்கீஸின் கையில் பொதுப்பணி நிர்வாகம் என்ற வேறோர் அமைப்பு இருந்தது. அணைகள், பெரிய பாலங்கள் போன்றவற்றை ஒப்பந்தக்காரர்கள் மூலம், ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்த்து, நிதானமாகக் கட்டுவது அவர் வழி. இக்கீஸுக்குக் கட்டடம் முக்கியம். ஹாப்கின்ஸுக்குக் கட்டுகிற ஆள் முக்கியம். சிமெண்டுக்கும் இயந்திரத்துக்கும் போகும் பணம் பசித்தவன் வீட்டு அடுப்பைச் சேராது என்பதால், முடிந்தவரை செலவைக் கூலியாகவே ஆக்கினார் ஹாப்கின்ஸ். டபிள்யூ.பி.ஏ.யின் பெருமைக்கும் அதன்மேல் விழுந்த ஏச்சுக்கும் இந்த ஒரு முடிவுதான் காரணம்.

என்ன வேலை என்பதைப் பெரும்பாலும் உள்ளூர் அரசுகளே முன்மொழிந்தன. பொருட்செலவில் ஒரு பங்கையும் அவையே ஏற்றன. நிவாரணத் தகுதி பெற்ற குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இடம். இதனால் கணவன் உள்ள பெண்கள் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். சேர்ந்த பெண்களில் பலர் தையற்கூடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கிழக்கு கெண்டக்கியின் மலைகளில் சிலர் குதிரை, கோவேறு கழுதை மீது புத்தக மூட்டையோடு வீடு வீடாகப் போய் வந்தார்கள். தொடக்கத்தில் மாதச் சம்பளம் இடத்தையும் திறனையும் பொறுத்து 19 முதல் 94 டாலர் வரை இருந்தது. தெற்கு மாநிலங்களில் மிகக் குறைவு. அங்கே பருத்தி எடுப்புக் காலம் வந்தால், பண்ணையார்களுக்கு மலிவான ஆள் கிடைப்பதற்காகத் தொழிலாளர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிய ஊர்களும் உண்டு; கறுப்பின மக்களே இதில் அதிகம் அடிபட்டனர்.

6,50,000 மைலுக்கு மேல் சாலை, 70,000க்கும் அதிகமான பாலங்கள், லட்சத்துக்கு மேற்பட்ட பொதுக் கட்டடங்கள் என்று அரசுக் கணக்கு நீள்கிறது. புதிதாகக் கட்டியதோடு பழுது பார்த்ததும் இதில் அடக்கம். நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையமும், ஓரிகன் மாநிலத்தில் ஹூட் மலைமேல் நிற்கும் டிம்பர்லைன் விடுதியும் இவ்வமைப்பின் கைவேலை.

கலைஞனுக்கும் வயிறு உண்டு என்று ஹாப்கின்ஸ் வாதாடியதால் ஓவியர், இசைஞர், நடிகர், எழுத்தாளர் ஆகியோருக்கும் தனித் திட்டங்கள் பிறந்தன. ஓவியர் ஜாக்சன் பொல்லாக், எழுத்தாளர்கள் ரால்ப் எல்லிசன், ஜோரா நீல் ஹர்ஸ்டன் ஆகியோர் இந்தச் சம்பளம் வாங்கியவர்கள். எழுத்தாளர் திட்டத்தார் முன்னாள் அடிமைகள் 2,000க்கும் மேற்பட்டோரைத் தேடிப் போய் அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்தனர். பதிவாளர்களில் பலர் வெள்ளையர். அவர்கள் முன் முதியவர்கள் எவ்வளவு மனம் திறந்திருப்பார்கள் என்ற ஐயம் இன்றும் தீரவில்லை. ஆனாலும் இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்க ஆளே இருந்திருக்காது. நாடகத் திட்டத்துக்குத்தான் ஆயுள் குறைவு. இடதுசாரிப் பிரச்சாரம் என்ற குற்றச்சாட்டின் பேரில் நாடாளுமன்றம் 1939இல் அதன் நிதியை நிறுத்தியது.

மண்வெட்டியில் சாய்ந்தபடி நிற்கும் தொழிலாளி அந்நாளைய கேலிச் சித்திரங்களில் வழக்கமான உருவம். இயந்திரம் ஒரு நாளில் தோண்டுவதைப் பத்துப் பேர் ஒரு வாரம் தோண்டினால் சோம்பலாகத்தான் தெரியும். அந்தப் பத்துப் பேருக்கும் கூலி போய்ச் சேரவேண்டும் என்பதுதானே திட்டம்! புள்ளிவிவரக்காரர்களும் இவர்களை உழைப்பாளிகளாக ஏற்கவில்லை. அக்கால வேலையின்மைக் கணக்குகளில் நிவாரண வேலை செய்தவர்கள் வேலையற்றவர்களாகவே எண்ணப்பட்டார்கள். 1976இல் பொருளியலாளர் மைக்கேல் டார்பி அவர்களை மறுபக்கம் சேர்த்து எண்ணிக் காட்டியபோது, 1930களின் பிற்பகுதி வேலையின்மை கணிசமாகக் குறைந்தது.

இரண்டாம் உலகப் போருக்கான தொழிற்சாலைகள் ஆள் தேடத் தொடங்கியதும் டபிள்யூ.பி.ஏ.வுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1942 டிசம்பரில் ரூஸ்வெல்ட் அதை மூட உத்தரவிட்டார். நியூயார்க் கிடங்கில் தேங்கியிருந்த ஓவியங்களில் ஒரு பகுதி பழைய கித்தான் என்று எடைக்கு விற்கப்பட்டது. பழம்பொருள் கடைகளில் அவற்றைக் கண்ட ஓவியர்கள் சிலர், தாங்கள் வரைந்ததைத் தாங்களே சில டாலர் கொடுத்து வாங்கிப் போனார்கள்.