தண்ணீரில் இறங்காத கப்பல்கள்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழு நண்பர்கள் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பார்கள். எனவே என் மனதில் ஒரு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு விஷயத்தை எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலை பார்ப்பது ஓசூரில். 2024 ஜூன் மாதம் ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். மறுநாள் எங்கள் ஷாப் ஃப்ளோரில் இதே பேச்சுதான். ஒருத்தர் மட்டும் பேசாமல் நின்றார். வேலையில் எனக்கு மூத்தவர், ஊர்ப்பக்கம் இரண்டு ஏக்கரில் தக்காளி போடுகிறவர். "என்னண்ணா, சந்தோஷம் இல்லையா?" என்று கேட்டேன்.

"சந்தோஷம்தான் சார். நீங்க படிச்சவங்க, ஒண்ணு கேக்கறேன். நிலத்தை எடுத்து, கான்கிரீட் போட்டு, அப்புறம் வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டா என்ன ஆகும்?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. ஆனால் அப்படி விட்டுவிட்டுப் போன ஓர் இடத்தை நான் பார்த்திருக்கிறேன் என்பது அன்று இரவுதான் ஞாபகம் வந்தது.

2018-ல் ஒரு மெஷினை நிறுவுவதற்காக இலங்கை போயிருந்தேன். கொழும்பிலிருந்து தெற்கே போகும் ரயில் கடலை ஒட்டியே போகும். அலை ஜன்னலில் அடித்துவிடுமோ என்று தோன்றும். களுத்துறை தெற்கு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர். கட்டுக்குருந்த என்ற இடத்தில் வேலிக்கு அப்பால் நீளமாக, தட்டையாக ஓர் இடம் தெரிந்தது. "இது என்ன இடம்?" என்றேன். "வெள்ளைக்காரன் நேவி கட்டின எயார்போர்ட் சேர். சண்டை முடிஞ்சதும் விட்டுட்டுப் போயிட்டான்" என்றார்.

நேவிக்கு எதற்கு ஏர்போர்ட்? அன்றைக்கு எனக்கு வந்த சந்தேகம் உங்களுக்கும் வரும். விமானந்தாங்கிக் கப்பலின் தளம் சின்னது. கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் விமானம் ஏறவும் இறங்கவும் முடியும். துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலிருந்து அது நடக்காது. அதனால் கப்பல் துறைமுகம் சேருவதற்கு முன்பே விமானங்கள் பறந்து கரைக்கு வந்துவிட வேண்டும். பயிற்சி, ரிப்பேர், உதிரி விமானங்கள் எல்லாவற்றுக்கும் கரையில் ஓர் இடம் வேண்டும். இதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1942 ஏப்ரல் காட்டியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9-ல், திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். அதன் விமானங்கள் அப்போது கப்பலில் இல்லை. திருகோணமலையில் சீனக்குடா தளத்தில் இருந்தன. விமானந்தாங்கி என்று பெயர், தாங்க ஒரு விமானம்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பிரிட்டிஷ் கடற்படை விமானத் தளங்கள் மளமளவென்று எழுந்தன. 1942 அக்டோபரில் கட்டுக்குருந்த தளம் செயலுக்கு வந்தது. விமானிகளுக்குப் பயிற்சி, விமானங்களுக்குப் பராமரிப்பு என்று அங்கே சுறுசுறுப்பான வேலை. வடக்கே புத்தளத்தில் இன்னொரு தளம். மழைக்காலச் சேற்றில் அங்கே விமானங்களை இழுக்க யானைகளைப் பயன்படுத்தினார்கள். டிராக்டர் செய்ய வேண்டிய வேலையை யானை செய்கிற புகைப்படங்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் கடற்படையில் கரையில் இருக்கும் நிலையத்துக்கும் கப்பலுக்கு வைப்பதுபோலவே பெயர் வைப்பார்கள். கேட்டைத் தாண்டி ஊருக்குள் போவதைக்கூட 'கரைக்குப் போகிறேன்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர்களை உள்ளூர் மொழிகளிலிருந்து எடுத்தார்கள், பெரும்பாலும் பறவைகளின் பெயர்கள். கட்டுக்குருந்த 'உகுஸ்ஸா' ஆனது. சிங்களத்தில் பருந்து இனத்துப் பறவை. புத்தளம் 'ராஜாலியா', அதாவது நம்ம ராஜாளி. கொழும்பு குதிரைப் பந்தய மைதானத்தில் அமைந்த தளம் 'பேருண்டா'. ஓசூர்க்காரர்களுக்கு இந்தப் பறவையைத் தெரியும். கர்நாடக அரசு முத்திரையில் இருக்கிற இரட்டைத்தலை கண்டபேரண்டம்தான். கோயம்புத்தூர் 'கருடா', சூலூர் 'வைரி', தாம்பரம் 'வல்லூறு'. இங்கிலாந்துக் கடற்படையின் பட்டியலில் 'வல்லூறு' என்று ஒரு பெயர்! தண்ணீரில் இறங்காத கப்பல்கள், பறக்காத பறவைகள்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. 1946-ல் கட்டுக்குருந்த தளத்தை மூடிவிட்டார்கள். தொடங்கி நான்கு வருஷம்கூட நிறையவில்லை. அருகிலேயே இரத்மலானையில் விமான நிலையம் இருந்ததால் பயணிகள் விமானத்துக்கும் இது தேவைப்படவில்லை. ஜெட் காலம் வந்தபோது பழைய சின்ன ஓடுதளங்களுக்கு மதிப்பு இன்னும் குறைந்தது. பிறகு அந்த ஓடுதளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் ஓடின. 1980களில் இலங்கைப் போலீஸின் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி முகாம் கட்டுக்குருந்தவில் அமைந்தது. அந்தப் படையின் பெயரைக் கேட்டால் கிழக்கிலங்கைத் தமிழர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கமும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரம் போர்க்கால ஓடுதளம் பல ஆண்டுகள் பந்தய மைதானமாக இருந்தது. 1980களில் எங்கள் ஓசூர் டி.வி.எஸ். வண்டிகளும் அங்கே ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பந்தயத் தடம் வந்ததும் சோழவரத்துக்கு அந்த வேலையும் போயிற்று.

எல்லாமே இப்படி முடியவில்லை. சூலூரும் தாம்பரமும் இந்திய விமானப்படைக்குப் போயின. அரக்கோணத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த போர்க்கால ஓடுதளத்தை நம் கடற்படை எடுத்துப் புதுப்பித்தது. 1992 மார்ச்சில் 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் ஓடுதளம் இப்போது 4 கிலோமீட்டருக்கு மேல். ராமநாதபுரம் உச்சிப்புளி தளத்துக்கு 2009-ல் 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர். பறவைப் பெயர் வைக்கும் வழக்கம் மட்டும் விடவில்லை!

நான் படித்ததிலிருந்து ஒன்று புரிகிறது. கட்டுக்குருந்தவில் கான்கிரீட்டுக்குக் குறைச்சல் இல்லை. அதைக் கட்டியவர்களுக்கு ஒரே ஓர் உபயோகம்தான் தெரியும். போர் முடிந்ததும் அந்த உபயோகமும் முடிந்தது. இரண்டாவது உபயோகம் கிடைத்த சூலூரும் அரக்கோணமும் பிழைத்துக்கொண்டன.

ஓசூருக்கு வருவோம். பேலகொண்டப்பள்ளியில் 1990களிலிருந்து தனேஜா நிறுவனத்தின் தனியார் ஓடுதளம் இருக்கிறது. ஆனாலும் ஓசூரிலிருந்து நாம் டிக்கெட் வாங்கிப் பறக்க முடியவில்லை. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையத்துக்கு 2033 வரை தடை இருப்பதும் ஒரு காரணம். விமான நிலையம் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் 2,000 ஏக்கர் என்பது என் சக ஊழியருடைய நிலத்தைப்போல ஆயிரம் நிலங்கள். இருபது வருஷம் கழித்தும் இது எதற்கு, யாருக்கு உபயோகப்படும் என்பதை நிலம் எடுப்பதற்கு முன்பே அந்த ஆயிரம் குடும்பங்களுக்கும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்று யாரும் முகத்தைத் திருப்பக்கூடாது.

இதையெல்லாம் போன மாதம் அவரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த கட்டுக்குருந்தவுல நிலம் குடுத்தவங்க என்ன ஆனாங்க சார்?" என்றார்.

ஆட்டோ டிரைவரிடம் நான் அதைக் கேட்கவில்லை. கப்பல் எந்த வருஷம், விமானம் எந்த ரகம் என்றெல்லாம் தேடித் தேடிப் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. நம்மில் பலர் இன்று ரோடு, பாலம், தொழிற்பேட்டை என்று திட்டம் போடும் இடங்களில் இருக்கிறோம். அடுத்த வரைபடத்தைப் பிரிக்கும்போது அவருடைய கேள்வியையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம்.

விழாவில் சந்திப்போம். மெஸ் சாம்பாரைப் பற்றி அங்கே நேரில் பேசிக்கொள்ளலாம்.

– 2010 மெக்கானிக்கல் பிரிவு மாணவன், ஓசூர்